எழுத்தை வக்ஃபு செய்தவர்: அதிரை உமர்தம்பி



இந்தக் கட்டுரையை நீங்கள் கைப்பேசியில் தமிழ் எழுத்துகளில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்துருவைத் தேடி இறக்கவில்லை, யாரிடமும் கேட்டு எதையும் நிறுவவில்லை. தொட்டதும் தமிழ் வந்து நிற்கிறது. புதுச்சேரி நகரை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நம் காட்டேரிக்குப்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையும் பாட்டியும் ஒரே மாதிரி தமிழில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குத் தாய் தன் கைப்படத் தமிழில் தட்டெழுதி அனுப்புகிறார்.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. இந்த வசதி தானாக வந்ததும் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், பெரும்பாலும் கூலி வாங்காமல், இரவு விழித்துச் செய்த வேலையின் பலன் இது. அவர்களில் ஒருவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர். அவர்தான் அதிராம்பட்டினம் மர்ஹூம் உமர்தம்பி. அவர் வாழ்வைத் தெரிந்துகொள்வதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் கடமை.

ஊரும் படிப்பும்

தஞ்சை மாவட்டத்தின் கடலோர ஊர் அதிராம்பட்டினம். அதிரை என்று சுருக்கி அழைப்போம். வணிகம், மார்க்கக் கல்வி, கடல்கடந்த பயணம் மூன்றும் கலந்த ஊர் அது. அங்கே 1953ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று உமர்தம்பி பிறந்தார்.

அவர் படித்தது ஊரிலேயே இருக்கும் காதிர் முகைதீன் கல்லூரியில். 1955இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஊர்ப் பெருமக்கள் தங்கள் சொத்தை அறக்கட்டளையாக்கி நிறுவிய கல்வி நிலையங்களில் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகள் திருச்சிக்கும் சென்னைக்கும் போகாமல் பட்டம் பெற அது வழி செய்தது. யாரோ ஒருவர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற சொத்தின் நிழலில் உட்கார்ந்து படித்தவர் உமர்தம்பி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் பின்னாளில் செய்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

கல்லூரியில் அவர் எடுத்த பாடம் விலங்கியல். கணினிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அவருடைய ஆர்வம் மின்னணுக் கருவிகள் மீது இருந்தது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் கலையை முறையாகக் கற்றார். நம் பிள்ளைகள் பலர் இன்றும் போகும் பாதைதான் இது. பட்டம் ஒரு பக்கம், கைத்தொழில் ஒரு பக்கம். சோறு போட்டது கைத்தொழில்.

துபாயில் ஒரு தொழிலாளி

எண்பதுகளில் அவர் துபாய் சென்றார். மின்னணுச் சாதனங்கள் தொடர்பான வேலை. அந்தக் காலத்து வளைகுடா வாழ்க்கையை நம் பெரியவர்கள் அறிவார்கள். விமானத் தபாலில் கடிதம் வந்து சேர நாளாகும். பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மாதச் சம்பளம், அறையில் நாலைந்து பேர், வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர்.

இந்த வாழ்க்கையில் கிடைத்த நேரத்தை உமர்தம்பி கணினி கற்கச் செலவிட்டார். கல்லூரிக்குப் போய்க் கற்றவர் அல்லர். புத்தகம் படித்து, எழுதிப் பார்த்து, தவறு வந்தால் திருத்தி, தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வேலை செய்த இடத்திலும் கணினி சார்ந்த பொறுப்புகளுக்கு உயர்ந்தார். பிறகு விருப்ப ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். துபாயில் சேர்த்த திறமையை ஊருக்கு வந்து என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய சிறப்பு இருக்கிறது.

அன்று கணினியில் தமிழ் பட்ட பாடு

அவர் செய்த வேலையின் அருமை புரிய வேண்டுமானால், அன்றைய சிக்கல் என்ன என்பது தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடினம் ஒன்றும் இல்லை.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று மனிதர்கள் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு அப்படிப் பேசி முடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தமிழுக்கு அப்படி ஒரு பொது ஒப்பந்தம் நெடுநாள் இல்லை. எனவே ஒவ்வொருவரும் ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கும் வேறு குறிகளுக்கும் ஒதுக்கிய எண்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி அதை வேறு எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் தமிழ் தெரியும்.

இதில் என்ன கோளாறு? ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வடிவங்களை அடுக்கின. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க, எழுதியவரிடம் இருந்த அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத கிறுக்கல்தான். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழக அரசு தாம், தாப் என்ற குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்களிடையே திஸ்கி என்ற முறை பரவியிருந்தது. இப்படி ஒன்றுக்குப் பல தரங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்று பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குத் தீர்வாக வந்தது யூனிகோடு. தமிழில் ஒருங்குறி என்பார்கள். உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு தனி எண். ஓர் எழுத்தின் எண் இன்னோர் எழுத்துக்கு வராது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அ என்றால் 2949. க என்றால் 2965. அமெரிக்காவில் எழுதினாலும் ஆம்பூரில் எழுதினாலும் அதே எண். சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றும், ஆனால் தீரவில்லை.

ஏட்டில் எண் ஒதுக்கினால் போதாது. அந்த எண்ணைப் பார்த்து எழுத்தைக் காட்டும் எழுத்துரு ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். விண்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா என்ற தமிழ் யூனிகோடு எழுத்துரு அதனுடன் சேர்ந்து வந்தது. அன்று வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பரவலாக இருந்தது அதற்கு முந்தைய விண்டோஸ் 98. அதில் யூனிகோடு தமிழைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்கூட, அமைப்புப் பகுதிக்குள் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுவட்டைப் போட்டு, தேவையான கோப்புகளை ஏற்ற வேண்டியிருந்தது. அந்த ஒரே குறியில்தான் வலமிருந்து இடமாக எழுதும் அரபியும் சேர்ந்து திறந்தது என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் இதையெல்லாம் செய்ய வாடிக்கையாளருக்கு அனுமதி கிடையாது. ஆக, யூனிகோடு வந்தும் தமிழ் சாமானியன் கைக்கு வரவில்லை.

தேனீ

இந்த இடத்தில்தான் உமர்தம்பியின் பங்களிப்பு வருகிறது.

படிப்பவர் எழுத்துருவைத் தேடிப் போக வேண்டாம், எழுத்துருவே படிப்பவரைத் தேடி வரட்டும் என்பது அந்த முறை. அதற்கு இயங்கு எழுத்துரு என்று பெயர். இணையப் பக்கத்தைத் திறக்கும்போது எழுத்துருவும் பின்னணியில் வந்து இறங்கி, அந்தப் பக்கத்தைக் காட்டிவிடும். இந்தத் தொழில்நுட்பம் மைக்ரோசாப்டின் உலாவியில் ஏற்கெனவே இருந்தது. அதைத் தமிழ் யூனிகோடுக்குப் பொருத்தி, அழகான வடிவில் எழுத்துகளை அமைத்து, தேனீ என்ற எழுத்துருவை உருவாக்கித் தந்தார் உமர்தம்பி. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த தேனீ என்ற தமிழ் இணைய இதழ் இதைப் பயன்படுத்தியது. பிறகு ஏராளமான தமிழ்த் தளங்கள் அதே எழுத்துருவைத் தங்கள் பக்கங்களில் சேர்த்துக்கொண்டன. பக்கத்தின் மூலத்தில் இரண்டொரு வரி சேர்த்தால் போதும், படிப்பவர் எதுவும் செய்யாமலே தமிழ் தெரியும்.

இதற்கு அவர் விலை வைக்கவில்லை. தமிழ் எழுத்துருக்களைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஓர் எழுத்துருவை வடிவமைப்பது என்றால் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சுழியையும் தனித்தனியாக வரைய வேண்டும். கொ, கோ போன்றவற்றில் குறிகள் எழுத்தின் இரு பக்கமும் வந்து உட்கார வேண்டும். கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். வாரக்கணக்கில் கண் வலிக்கும் வேலை. அதைச் செய்து முடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்.

அவர் பணி தேனீயோடு நிற்கவில்லை. ஆங்கில விசைகளைத் தட்டினால் ஒலிப்பு முறையில் தமிழ் யூனிகோடு வரும் எழுதியை உருவாக்கினார். பழைய எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றியை எழுதினார். தமிழ்த் தளங்கள் தங்கள் புதிய ஆக்கங்களைச் செய்தியோடையாகத் தருவதற்கு ஒரு கருவி செய்தார். கணினியில் பயன்படும் அகராதி ஒன்றையும் தொகுத்தார். ஒவ்வொன்றும் எவருக்கோ ஏற்பட்ட ஒரு சிரமத்துக்கு விடையாக இருந்தது.

அறிவைப் பதுக்காதவர்

கருவி செய்து கொடுப்பது ஒன்று. அதைப் பயன்படுத்தத் தெரியாதவருக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவது இன்னொன்று. முதலாவதைச் செய்பவர்களில் பலர் இரண்டாவதைச் செய்வதில்லை. உமர்தம்பி இரண்டையும் செய்தார்.

அன்று தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருந்தவர்கள் சிங்கப்பூர், மலேசியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா, இலங்கை, தமிழகம் என்று சிதறியிருந்தார்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்து மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரம் என்று பலரும் பல பகுதிகளைக் கட்டினார்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. அந்தக் கூட்டத்தில், தஞ்சைக் கடற்கரையில் இருந்த ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவருக்கெல்லாம் உதவிக்கொண்டிருந்தார் உமர்தம்பி. யூனிகோடு என்றால் என்ன, எழுத்துரு எப்படி இயங்குகிறது என்பதைத் தமிழிலேயே எளிய கட்டுரைகளாக எழுதினார். கணினி அறிவு ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டும் என்று இருந்த வேலியை அப்படித்தான் உடைக்க முடியும்.

உதவி கேட்டவரின் மதம், இயக்கம், நாடு எதையும் அவர் பார்க்கவில்லை. அவர் எழுத்துருவில் கதை எழுதினார்கள், கவிதை எழுதினார்கள், அரசியல் பேசினார்கள், ஆன்மிகம் எழுதினார்கள். அத்தனை பேருக்கும் எழுத்து அவருடையது. தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், வருகிறவர் எந்த ஊருக்குப் போகிறார் என்று விசாரித்துத் தண்ணீர் ஊற்றுவதில்லை அல்லவா?

மார்க்கக் கல்வி பயின்ற நமக்கு இதில் ஒரு விஷயம் புலப்படுகிறது. மனிதன் மரணித்தால் அவனுடைய செயல்கள் அறுந்துவிடும், மூன்றைத் தவிர என்று நபிமொழி கூறுவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை. முதலிரண்டையும் நாம் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். கிணறு வெட்டுவதும் பள்ளிவாசல் கட்டுவதும் தர்மம், பாடம் நடத்துவது கல்வி. உமர்தம்பி செய்ததில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கிணற்றில் ஒருவர் நீர் இறைத்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். எழுத்துருவை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எடுத்தாலும் குறைவதில்லை. இந்தக் காலத்தின் வக்ஃபு இப்படியும் இருக்கலாம் என்று காட்டியவர் அவர். ஊரார் விட்டுச் சென்ற அறக்கட்டளையின் நிழலில் படித்தவர், உலகத் தமிழருக்கு ஒரு நிழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறைவும் மரியாதையும்

2006ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று உமர்தம்பி வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53.

அவர் மறைந்த பிறகுதான் அவர் அருமை பலருக்குத் தெரிந்தது. அவருடைய எழுத்துருவில் வருடக்கணக்கில் எழுதிவந்தவர்கள் தங்கள் நன்றியைப் பதிவு செய்தார்கள். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அதன் அரங்கு ஒன்றுக்கு உமர்தம்பியின் பெயர் சூட்டப்பட்டது. அதே மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றுக்கொண்டது. எந்த முறை சாமானியரிடம் போய்ச் சேர வேண்டும் என்று அவர் உழைத்தாரோ, அது அரசின் முறையாக ஆனபோது அவர் இல்லை. பெயர் மட்டும் அரங்கின் வாசலில் இருந்தது.

இன்று தேனீ எழுத்துரு யாருக்கும் தேவைப்படுவதில்லை. விண்டோஸ் 98 போய்விட்டது. அந்த இயங்கு எழுத்துரு முறையை இன்றைய உலாவிகள் கைவிட்டு வேறு முறைக்கு மாறிவிட்டன. அன்று பலரும் கோப்புகளை இலவசமாக வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. ஆறு பெருகிய காலத்தில் ஓடம் விட்டவரை, பாலம் கட்டிய பிறகு வீண் என்று சொல்வோமா? தமிழர்கள் பழைய எழுத்துருக் குழப்பத்திலிருந்து யூனிகோடுக்குக் கடந்து வந்த அந்தச் சில ஆண்டுகளில், கடக்க ஓடம் தேவைப்பட்டது. ஓடம் இல்லாமல் இருந்திருந்தால் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதும் பழக்கத்தில் தங்கியிருப்பார்கள்.

நம் முன் நிற்கும் கேள்வி

கணினித் துறையில் பயன்படும் அல்காரிதம் என்ற சொல் அல்குவாரிஸ்மி என்ற முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது என்பதை மேடைதோறும் சொல்கிறோம். உண்மைதான், பெருமைதான். ஆனால் பாக்தாதில் சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, அதிராம்பட்டினத்தில் நேற்று வாழ்ந்தவரைத் தெரியவில்லை. தூரத்துப் பெருமை பேசுவது எளிது, அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அதுவும் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் இப்படிச் செய்தார் என்றால், நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்வி வரட்டும். இன்று நம் பிள்ளைகள் வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்து புறப்பட்டு சென்னையிலும் பெங்களூருவிலும் துபாயிலும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறார்கள். ஒரே ஒரு கணினியும் ஆர்வமும் வைத்திருந்த உமர்தம்பியைவிட அவர்களிடம் வசதி அதிகம். செய்ய வேண்டிய வேலையும் குறைவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்ற பெரும் செல்வத்தை உருவாக்கினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மேதைகள் அதில் நூல்கள் இயற்றினார்கள். எண்ணிப் பார்த்தால், தங்கள் தேவைக்குத் தாங்களே எழுத்தமைத்த அவர்களும் தங்கள் காலத்து உமர்தம்பிகள்தாம். அந்தக் கிதாபுகள் பல வீடுகளில் பரணில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றைப் படம் பிடித்து, தமிழ் யூனிகோடில் தட்டெழுதி, யாரும் தேடிப் படிக்கும் வகையில் பொதுவில் வைக்க எத்தனை இளைஞர்கள் வேண்டும்? ஒரு ஜமாஅத்துக்கு இரண்டு பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய மார்க்கக் கட்டுரைகளும் பத்திரிகைகளும்கூட அப்படியே குறுவட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை மாற்றும் கருவிகள் இன்று சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் கணினி முன்னே நள்ளிரவு வரை உட்கார்ந்தால், இதில் என்ன வருமானம் என்று கேட்பது நம் இயல்பு. விளையாட்டில் நேரம் போக்கினால் கண்டியுங்கள். ஆனால் பிறருக்குப் பயன்படும் ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தால் ஊக்கம் கொடுங்கள். எல்லா உழைப்பும் சம்பளச் சீட்டில் வராது. வராத உழைப்பில்தான் சில சமயம் பெரிய கூலி இருக்கிறது.

கற்றதை மறைத்து வைப்பதை மார்க்கம் கடுமையாகக் கண்டிக்கிறது. அது மார்க்கக் கல்விக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒருவருக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவரின் சிரமத்தைத் தீர்க்குமானால், அது எழுத்துருவாக இருந்தாலும் சரி, மின்சாரப் பழுதுபார்ப்பாக இருந்தாலும் சரி, சொல்லிக்கொடுப்பது நன்மைதான். வானொலிப் பெட்டி திருத்தக் கற்றதில் தொடங்கி உலகத் தமிழர் கையில் எழுத்தைக் கொடுத்தது வரை உமர்தம்பியின் வாழ்வு நமக்குக் காட்டுவது இதைத்தான்.

அடுத்த முறை கைப்பேசியில் தமிழில் ஒரு ஸலாம் தட்டெழுதும்போது, அந்த எழுத்தை நம் விரல் நுனிக்குக் கொண்டுவர உழைத்தவர்களையும் நினைத்துக்கொள்வோம். வல்ல அல்லாஹ் மர்ஹூம் உமர்தம்பி அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர் விட்டுச் சென்ற பயனை அவருடைய நன்மைத் தட்டில் தொடர்ந்து சேர்ப்பானாக. அவரைப் போல் கற்றதைக் கொடுக்கும் மனதை நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.